தியோவின் பாஸ் கிதார்

1986 பிப்ரவரியில் ஒளிபரப்பான 'த காஸ்பி ஷோ' அத்தியாயம் ஒன்றில் ஸ்டீவி வொண்டர் வருகிறார். அக்கா டெனிஸும் தம்பி தியோவும் போய்க்கொண்டிருக்கும் காரில் அவருடைய லிமோசின் மோதிவிடுகிறது. யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அதற்கு ஈடாக ஹக்ஸ்டபிள் குடும்பத்தையே தன் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்துவிடுகிறார். அங்கே சின்க்ளேவியர் என்கிற கருவியின் முன்னால் உட்கார்ந்து, ஆளுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்கிறார். தியோ தன் முறை வந்ததும் ஃபங்க் இசைக்காரர்கள் மேடையில் சொல்லிக்கொள்வதுபோல நான்கே நான்கு சொல்லைச் சொல்கிறான். முதல் தட்டில் நின்று வெளுத்துக்கட்டுகிறோம் என்பது அதன் பொருள். ஸ்டீவி கட்டையை அழுத்துகிறார். சற்றுமுன் பையன் வாயிலிருந்து வந்த குரல் இப்போது கருவியிலிருந்து வருகிறது. திக்கித் திக்கி, ஏறி இறங்கி, தாளமாகிறது. பையன் முகத்தில் ஒரு திகைப்பு, பிறகு சிரிப்பு. அந்தச் சிரிப்பில் எவ்வளவு நடிப்பு, எவ்வளவு நிஜம் என்று இப்போதும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அமெரிக்காவின் ஹிப்-ஹாப் தலைமுறைக்கு அது ஒரு முக்கியமான இரவு. சாம்ப்ளர் என்ற கருவி எப்படி வேலை செய்கிறது என்பதை முதல்முதலாகக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான் என்று த ரூட்ஸ் குழுவின் குவெஸ்ட்லவ் சொல்லியிருக்கிறார். அன்றைய அமெரிக்காவில் வேறெந்தத் தொடரையும்விட அதிகம் பேர் பார்த்தது இதைத்தான். தொடர்ந்து ஐந்து பருவங்கள் முதலிடத்தில் இருந்தது. எனவே எத்தனை வீட்டுக் கூடங்களில் எத்தனை சிறுவர்கள் அன்றைக்கு வாய்பிளந்து உட்கார்ந்திருப்பார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம். தியோவாக நடித்த மால்கம்-ஜமால் வார்னருக்கு அப்போது வயது 15. 

முதல் தட்டு என்பதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். நம் கச்சேரி மொழியில் சமம் என்கிறோமே, ஏறக்குறைய அதுதான். ஆனால் ஃபங்க் இசையில் அதற்குக் கிடைக்கும் மரியாதை வேறு. அதற்கு முந்தைய ரிதம் அண்ட் புளூஸ் இரண்டாவது, நான்காவது தட்டில் ஓங்கி அடிக்கும். கூட்டம் கைதட்டுவதும் அங்கேதான். ஜேம்ஸ் பிரவுன் அந்த அழுத்தத்தை எடுத்து முதல் தட்டில் வைத்தார். 1970-இல் தன் குழுவுக்கு வந்த பூட்ஸி காலின்ஸ் என்ற இளம் பாஸ் கலைஞரிடம் அவர் கேட்டதெல்லாம் இதைத்தான்: மிச்ச இடத்தில் எப்படி வேண்டுமானாலும் வாசி, முதல் தட்டை மட்டும் எனக்குக் கொடுத்துவிடு. அதைக் கொடுப்பது பாஸ் கிதாரின் வேலை. டிரம்ஸ் கூட இருக்கும். என்றாலும் தரை பாஸ்தான். தியோ சும்மா வசனமாகச் சொன்ன ஒன்றை வார்னர் தன் கைவேலையாக எடுத்துக்கொள்ளப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

அந்தப் பத்து ஆண்டுத் தாமதம்தான் எனக்கு அவர்மேல் மதிப்பை உண்டாக்குகிறது. எண்பதுகளில் ஹாலிவுட்டில் முகம் தெரிந்தவர்கள் பாட்டுப்பாடக் கிளம்பியது ஒரு தொற்றாகவே பரவியிருந்தது. எடி மர்ஃபி 1985-இல் ரிக் ஜேம்ஸைத் தயாரிப்பாளராக வைத்துப் பாடினார்; பாட்டு நன்றாகவே ஓடியது. 'மயாமி வைஸ்' தொடரின் டான் ஜான்சன் 1986-இல் ஆல்பம் போட்டார். மறு ஆண்டு புரூஸ் வில்லிஸ் மோடவுன் நிறுவனத்துக்காகப் பாடினார். எல்லாருக்கும் பெரிய கம்பெனி, பெரிய ஸ்டூடியோ, முதல்தர வாத்தியக்காரர்கள். முகம் சூடாக இருக்கும்போதே குரலையும் விற்றுவிடவேண்டும் என்ற அவசரம் அந்த இசைத்தட்டுகளில் கேட்கிறது. வார்னர் அன்றைக்கு நாட்டின் மிகப் பிரபலமான பதின்வயதுப் பையன்களில் ஒருவர். 1986-இல் எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர். அவர் பெயரில் எந்த ஆல்பத்தை வெளியிட்டிருந்தாலும் விற்றிருக்கும். அவர் வெளியிடவில்லை. முகம் ஆறியபிறகு, யாரும் கேட்காதபோது, வாத்தியம் கற்றுக்கொள்ள உட்கார்ந்தார்.

பெயரிலேயே அவருக்கு இரண்டு சுமை இருந்தது. 1970 ஆகஸ்டில் நியூ ஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி சிட்டியில் பிறந்தார். அப்பா ராபர்ட் வார்னர் மகனுக்கு மால்கம் எக்ஸின் பெயரையும் பியானோ கலைஞர் அகமத் ஜமாலின் பெயரையும் சேர்த்து வைத்தார். முன்னவர் சுட்டுக் கொல்லப்பட்டு ஐந்து ஆண்டு ஆகியிருந்தது. பின்னவர் 1958-இல் சிகாகோவின் பெர்ஷிங் ஹோட்டலில் வாசித்துப் பதிவான ஆல்பத்தால் வீட்டுக்கு வீடு தெரிந்தவர். நூறு வாரத்துக்கு மேல் அது விற்பனைப் பட்டியலில் நின்றது. மைல்ஸ் டேவிஸ் தன் குழுவினரிடம் ஜமாலைப் போய்க் கேளுங்கள் என்று சொல்வாராம். ஜமால் வாசிப்பின் விசேஷம் அவர் வாசிக்காமல் விடும் இடங்கள். பியானோ நிற்கும், பாஸும் டிரம்ஸும் மட்டும் போய்க்கொண்டிருக்கும், கேட்பவர் காது தானாக முன்னால் நீளும். ஒருபக்கம் சொல்லை ஆயுதமாக்கிய பேச்சாளர், இன்னொருபக்கம் வெற்றிடத்தை இசையாக்கிய கலைஞர். பேச்சும் ஜாஸும் கலந்த ஒரு வடிவத்துக்குத்தான் இந்தப் பிள்ளை வந்து சேரவேண்டும் என்று ஜாதகம் எழுதியதுபோல இருக்கிறது. பெயர் வைத்தால் மட்டும் ஆள் வந்துவிடுவதில்லை என்பதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

காஸ்பி ஷோவிலும் ஜாஸ் நிறைய இருந்தது. கதைப்படி தியோவின் தாத்தா ரஸ்ஸல் டிராம்போன் வாசிக்கும் ஜாஸ் கலைஞர். டிஸ்ஸி கில்லெஸ்பியும் பி.பி. கிங்கும் அந்தத் தொடருக்கு விருந்தாளிகளாக வந்துபோனார்கள். தாத்தா-பாட்டியின் திருமண நாளுக்குக் குடும்பமே மாடிப்படியில் வரிசைகட்டி ரே சார்ல்ஸ் பாட்டுக்கு வாயசைக்கும் 1985-ஆம் ஆண்டுக் காட்சி இன்றும் இணையத்தில் சுற்றுகிறது. வார்னர் அதில் பிரமாதமாக வாயசைப்பார். உதடு மட்டும் அல்ல, தோள், இடுப்பு, புருவம் எல்லாம் பாட்டுக்குள் இருக்கும். குரல் மட்டும் அவருடையதாக இருக்காது. நடிகரின் வாழ்க்கை பெரும்பாலும் அதுதானே. எட்டுப் பருவங்கள், 1984 முதல் 1992 வரை, அவர் இன்னொருவரின் மகனாக, இன்னொருவர் எழுதிய சொற்களை, இன்னொருவர் குறித்துக்கொடுத்த இடத்தில் நின்று பேசினார். நன்றாகப் பேசினார். அதனாலேயே அது அவரைவிட்டுப் போகவில்லை.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் 'மால்கம் அண்ட் எடி' என்ற சிட்காமில் நடித்துக்கொண்டிருந்த காலத்தில் பாஸ் கிதார் கைக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்தைத் தாண்டியிருந்தது. விரலுக்கு அது தாமதமான வயது. அதே காலத்தில் லாஸ் ஏஞ்சலஸில், கவிதையைப் பேசியே நிகழ்த்தும் ஸ்போக்கன் வேர்ட் மேடைகள் சூடுபிடித்திருந்தன. 1998-இல் தொடங்கிய 'ட பொயட்ரி லவுஞ்ச்' போன்ற இடங்களில் வாரம் ஒரு இரவு, பெயர் கொடுத்துவிட்டு வரிசையில் உட்கார்ந்திருந்தால் மைக் கிடைக்கும். அதைத் தொடங்கியவர்களிலும் டான்டே பாஸ்கோ என்ற நடிகர் உண்டு. நடிப்புத் தேர்வுகளில் யாரோ எழுதிய ஒரு பக்கத்தைப் படித்துக்காட்டி நிராகரிக்கப்பட்டுவரும் ஊரில், தானே எழுதியதைத் தானே சொல்லும் மேடைக்கு நடிகர்கள் போய்ச் சேர்ந்ததில் ஆச்சரியமில்லை. வார்னர் 'மைல்ஸ் லாங்' என்ற பெயரில் ஒரு குழு கட்டினார். ஜாஸும் ஃபங்கும் கலந்த வாத்தியக் குழு. அதன்மேல் அவருடைய கவிதை. அடியில் அவருடைய பாஸ்.

ஆல்பங்கள் 2003, 2007, 2015, 2022 ஆகிய ஆண்டுகளில் வந்தன. இருபது ஆண்டில் நான்கு. கம்பெனி பின்னால் இருந்தால் இந்த இடைவெளி விடமாட்டார்கள். படப்பிடிப்பு முடிந்து, பணம் சேர்ந்து, எழுத ஏதாவது இருந்து, வாசிப்பவர்களின் நாளும் ஒத்துவந்தால் ஆல்பம். இல்லையென்றால் இல்லை. சிறுபத்திரிகை நடத்தியவர்களுக்கு இந்த நாள்காட்டி நன்றாகப் புரியும்.

அவர் தேர்ந்தெடுத்த வடிவம் சந்தையில் அனாதை என்பதையும் சொல்லவேண்டும். ஒன்றல்ல, இரண்டு அனாதைகள். ஜாஸ்-ஃபங்க் பிறந்ததிலிருந்தே சந்தேகத்துக்குள்ளானது. மைல்ஸ் டேவிஸ் 1972-இல் 'ஆன் த கார்னர்' வெளியிட்டபோது ஜாஸ் விமர்சகர்கள் கரித்துக்கொட்டினார்கள். மறு ஆண்டு ஹெர்பி ஹான்காக்கின் 'ஹெட் ஹன்டர்ஸ்' பத்து லட்சத்துக்கு மேல் விற்றது; விற்றதே குற்றம் என்றார்கள் சிலர். ஜாஸ்காரர்களுக்கு அது கால் ஆடவைக்கும் சரக்கு, ஆடுபவர்களுக்கோ தனி வாசிப்பு நீளம். ஸ்போக்கன் வேர்டுக்கும் இதே கதி. அச்சுக் கவிஞர்கள் அதை மேடைப் பேச்சு என்று ஒதுக்குவார்கள். இசைக்காரர்கள் பாடத் தெரியாதவன் பேசுகிறான் என்பார்கள். இந்த இரண்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, அதற்குமேல் "சின்ன வயதில் டிவியில் வந்த பையன்" என்ற முத்திரையையும் சுமந்துகொண்டு ஒருவர் மேடையேறினால், கேட்பவர் என்ன நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

ஆனால் மரபு இருந்தது, அழுத்தமான மரபு. 1958-இல் லாங்ஸ்டன் ஹியூஸ் தன் கவிதைகளை ஜாஸ் குழுவோடு வாசித்து ஆல்பமாக்கினார். ஒரு பக்கத்துக்கு இசைத்தலைவர் சார்லஸ் மிங்கஸ். மால்கம் எக்ஸின் பிறந்தநாளான மே 19 அன்று, 1968-இல், ஹார்லெம் பூங்கா ஒன்றில் 'த லாஸ்ட் பொயட்ஸ்' குழு தோன்றியது. அவர்களுக்குப் பறை போன்ற தோல்கருவிகளே போதுமாக இருந்தன. கில் ஸ்காட்-ஹெரான் தன் புகழ்பெற்ற புரட்சிக் கவிதையை 1970-இல் அதேபோல வெறும் தாள வாத்தியங்களோடுதான் முதலில் பதிவு செய்தார். மறு ஆண்டு முழு வாத்தியக் குழுவோடு அதையே மறுபடி பதிவு செய்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. ஹியூபர்ட் லாஸின் புல்லாங்குழல், பெர்னார்ட் பர்டியின் டிரம்ஸ், ரான் கார்ட்டரின் பாஸ். இரண்டு பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் தெரியும். முதலாவதில் அவர் கூட்டத்தைப் பார்த்துப் பேசுகிறார். இரண்டாவதில் பாஸ் அவர் காலடியில் ஓடுகிறது. குரல் உயர்த்தவேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது.

மிங்கஸ் பாஸ் கலைஞர், கார்ட்டர் பாஸ் கலைஞர். இது தற்செயலாக இருக்கலாம். ஆனாலும் பேச்சுக்குப் பக்கத்தில் பாஸ் ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு ஒலியியல் காரணமே இருக்கிறது. பாஸ் கிதாரின் அடிக் கம்பி விநாடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. ஆணின் பேச்சுக்குரல் நூறை ஒட்டித் தொடங்குகிறது. சொல்லைச் சொல்லாக அடையாளம் காட்டும் மெய்யெழுத்துகளோ ஆயிரங்களில், இரண்டாயிரம் மூவாயிரத்துக்கு மேலே இருக்கின்றன. சாக்ஸபோன், டிரம்பெட், பியானோவின் வலதுகை, மின்கிதார் எல்லாம் நடுவில் குரலோடு இடித்துக்கொண்டு நிற்கும் வாத்தியங்கள்; அவை வாசிக்கும்போது பேசுபவர் கத்தியாக வேண்டும், அல்லது அவை விலகவேண்டும். பாஸ் கீழே தனியாகப் போகிறது. சொல்லுக்கு இடம் கொடுக்கிறது, நடையையும் கொடுக்கிறது. கவிஞருக்கு இதைவிட நல்ல துணை இல்லை.

வார்னர் செய்த வேலையின் கஷ்டம் என்னவென்றால், அந்தத் துணையும் அவரேதான். வாசித்துக்கொண்டே பாடுவது கடினம் என்று எந்த பாஸ் கலைஞரும் சொல்வார். வாசித்துக்கொண்டே பேசுவது இன்னும் மோசம். பாட்டு, குறைந்தபட்சம், தாளத்தில் ஒட்டிக்கொள்ளும். பேச்சு ஒட்டாது, ஒட்டினால் அது ராப் ஆகிவிடும். ஸ்போக்கன் வேர்டின் ருசியே சொல் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் இழுபடுவதில், வாக்கியம் முதல் தட்டைத் தாண்டி வழிந்துபோவதில் இருக்கிறது. அப்படி நாக்கு தாளத்தை ஏமாற்றிக்கொண்டிருக்கும்போது வலதுகையின் இரண்டு விரல்கள் முதல் தட்டை ஒருமுறைகூடத் தவறவிடக்கூடாது. விட்டால் டிரம்ஸ்காரர் தலை தூக்குவார், குழுவே தடுமாறும். ஒரே உடம்பில் இரண்டு பேர் இருந்தாக வேண்டும், ஒருவர் கால்போன போக்கில் நடக்கவும் இன்னொருவர் நின்ற இடத்திலேயே நிற்கவும். நடிகருக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. கையில் காபியைக் கலக்கிக்கொண்டே வாயால் மனைவியோடு சண்டை போடுவது சிட்காம் நடிகரின் அன்றாடப் பிழைப்பு.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றை மறைத்தால் நேர்மையாக இருக்காது. வார்னரின் சுயாதீன ஆல்பங்கள் ஒரே சீராக இல்லை. முதல் இரண்டிலும் எனக்கு மிகைத் தேர்ச்சி தெரிகிறது. எங்கே நிறுத்தினால் கூட்டம் ஆமோதிக்கும், எங்கே குரலைத் தாழ்த்தினால் பெண்கள் சிரிப்பார்கள் என்று நன்றாகத் தெரிந்த ஒருவர் எழுதியதுபோல இருக்கின்றன அந்தக் காதல் கவிதைகள். மேடையில் எடுபடும், இரண்டாம் முறை வீட்டில் கேட்கும்போது வரி தேய்ந்திருக்கும். நேரலைப் பார்வையாளர் முன்னால் எட்டு ஆண்டு நகைச்சுவை நேரக்கணக்கு பழகியவருக்கு அதை மறப்பது சுலபமல்ல. ஸ்காட்-ஹெரானிடம் இருந்த கசப்பும் கோபமும் வார்னரிடம் இல்லை. அவர் அடிப்படையில் நாகரிகமானவர். அது கலையில் சிலசமயம் குறையாகவும் முடியும். பாஸ் வாசிப்பும் கைதேர்ந்தவர்களோடு ஒப்பிடத் தக்கதல்ல. அடக்கமான, பொறுப்பான வாசிப்பு.

அவர் செய்ததிலேயே சிறந்ததைப் பிறர் தலைமையில்தான் செய்தார் என்பது என் கணிப்பு. 2013-இல் பியானோ கலைஞர் ராபர்ட் கிளாஸ்பர் புளூ நோட் நிறுவனத்துக்காக 'பிளாக் ரேடியோ 2' ஆல்பத்தைத் தயாரித்தார். அதில் ஸ்டீவி வொண்டரின் பாட்டு ஒன்று. 1973-இல் 'இன்னர்விஷன்ஸ்' ஆல்பத்தில் வந்தது. பக்தியின் பெயரால் நடக்கும் பாசாங்கைப் பார்த்து, உனக்கே உண்மையாக இருக்கிறாயா என்று கேட்கும் பாட்டு. கிளாஸ்பர் அதை மெதுவாக்கி, டானி ஹாத்தவேயின் மகள் லேலா ஹாத்தவேயிடம் பாடக் கொடுத்தார். அதில் பேச வார்னரை அழைத்தார். அதற்குமுன், 2012 டிசம்பர் 14 அன்று, கனெடிகட் மாநிலத்தின் சாண்டி ஹுக் தொடக்கப்பள்ளியில் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்து 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் கொன்றிருந்தான். குழந்தைகள் எல்லாருக்கும் ஆறு, ஏழு வயது. வார்னரின் கவிதை அவர்களுக்கானது.

அதைக் கேட்டபோது முதலில் உறைத்தது அவர் எதையும் நடிக்கவில்லை என்பது. இரங்கல் கவிதையில் நடிகர் விழக்கூடிய பள்ளங்கள் அநேகம்: தழுதழுப்பு, நீண்ட மூச்சு, கடைசி வார்த்தையை உடைத்துச் சொல்வது. ஒன்றுகூட இல்லை. குரல் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் போகிறது. லேலா பாடிவிட்டுப்போன இடத்தின் ஈரத்திலேயே நின்று பேசுகிறார். வாத்தியங்கள் அவருக்காக ஒதுங்கவும் இல்லை, அவர் அவற்றை மீறவும் இல்லை. கையில் பாஸ் இல்லாவிட்டாலும் பாஸ்காரராகவே அங்கே பேசுகிறார் என்று எனக்குப் படுகிறது. தன் குழுவோடு பத்தாண்டுக்கு மேலாக அடியில் நின்று வாசித்திராவிட்டால் அந்த அடக்கம் வந்திருக்காது. சுயாதீன ஆல்பங்களை அவற்றின் வரிகளுக்காக மட்டும் எடைபோடக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். அவை அவருக்குக் கொடுத்த பழக்கமும் கணக்கில் சேரவேண்டும். 2015 பிப்ரவரியில் அந்தப் பாட்டுக்குப் பாரம்பரிய ஆர் அண்ட் பி பிரிவில் கிராமி கிடைத்தது. கிளாஸ்பர் குழு, லேலா, வார்னர் மூவருக்கும். ஸ்டீவி வொண்டரின் கருவிக்குள் நான்கு சொல் பேசிய பையன் ஸ்டீவி வொண்டரின் பாட்டுக்குள் தன் சொந்தச் சொல்லோடு திரும்ப வர 27 ஆண்டு பிடித்திருந்தது. இதை யாராவது கதையாக எழுதிக்கொண்டுவந்தால், ரொம்பவும் கட்டிவைத்த மாதிரி இருக்கிறது என்று திருப்பி அனுப்பியிருப்பேன்.

விருது வந்த அதே பருவத்தில்தான் இன்னொன்றும் வந்தது. தொடரில் தியோவின் அப்பாவாக நடித்த பில் காஸ்பி மீது பெண்கள் ஒருவர்பின் ஒருவராக பாலியல் குற்றச்சாட்டுகளோடு முன்வந்தார்கள். ஐம்பதைத் தாண்டியது எண்ணிக்கை. தொலைக்காட்சிகள் மறுஒளிபரப்பை நிறுத்தின. 2018-இல் தண்டனை, 2021-இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் நடைமுறைக் காரணத்தால் அதை ரத்து செய்தது. ஆட்டம் கண்டது காஸ்பியின் பெயர் மட்டுமல்ல. ஒரு கறுப்பின மருத்துவரும் வழக்கறிஞரும் அவர்கள் பிள்ளைகளும் அமெரிக்காவின் வரவேற்பறைக்குள் வந்து உட்கார்ந்த அந்த பிம்பமும் ஆட்டம் கண்டது. வார்னரின் வருத்தம் அதைப்பற்றியே அதிகம் இருந்தது. குற்றத்துக்கு வக்காலத்து வாங்காமலும், தன் இளமையின் உழைப்பைக் குப்பையில் போட மறுத்தும் அவர் பேசிய பேட்டிகள் எல்லாருக்கும் திருப்தி தரவில்லை. எனக்கு அவர் நிலை புரிகிறது. அந்தத் தொடரை எழுதியவர் அவர் அல்ல. ஆனால் அதற்கான பதிலை வாழ்நாள் முழுக்க அவர்தான் சொல்லவேண்டியிருந்தது. இதில் ஓர் இடறலும் உண்டு. காஸ்பியே 1971-இல் ஒரு ஜாஸ்-ஃபங்க் ஆல்பம் வெளியிட்டவர். லாஸ் ஏஞ்சலஸின் பெரிய ஜாஸ் விழாவொன்றைப் பல்லாண்டு தொகுத்து வழங்கியவர். திரைத் தந்தையின் நிழல் இசைக்குள்ளும் விழுந்திருந்தது.

2022-இல் வந்த கடைசி ஆல்பத்துக்கு, எல்லார் கண்ணெதிரிலேயே ஒளிந்துகொண்டிருப்பதைச் சொல்லும் 'ஹைடிங் இன் பிளெய்ன் வியூ' என்று பெயர் வைத்தார். நான்கிலும் முதிர்ந்தது இதுதான். கூட்டத்தின் ஆமோதிப்புக்குக் காத்திருக்கும் அந்த நிறுத்தங்கள் குறைந்திருக்கின்றன. கணவனாக, தகப்பனாக, கறுப்பின ஆணாக, ஐம்பதைத் தாண்டியவனாகத் தன்னைப் பார்த்துக்கொள்ளும் குரல் கேட்கிறது. தொலைக்காட்சியில் அப்போது அவர் 'த ரெசிடென்ட்' தொடரில் பந்தாவான அறுவைச் சிகிச்சை நிபுணராக வந்துகொண்டிருந்தார். அந்தப் பந்தா இதில் துளியும் இல்லை.

இந்த ஆல்பம் 2023 கிராமி விழாவில் ஸ்போக்கன் வேர்ட் கவிதைப் பிரிவில் பரிந்துரைக்கப்பட்டது. அந்தப் பிரிவு அப்போதுதான் முதல்முறையாக உருவாகியிருந்தது. அதுவரைக்கும் மேடைக் கவிஞர்கள் ஒலிப்புத்தகங்களோடு ஒரே கூண்டில் போட்டியிடவேண்டும். விளைவு, ஜிம்மி கார்ட்டரும் பில் கிளின்டனும் பராக் ஒபாமாவும் தத்தம் புத்தகங்களை வாசித்து ஸ்போக்கன் வேர்ட் கிராமி வாங்கிக்கொண்டு போனார்கள். முன்னாள் ஜனாதிபதியோடு போட்டிபோட்டு எந்தக் கவிஞன் ஜெயிப்பான்? சிகாகோ கவிஞர் ஜே. ஐவி உள்ளிட்டோர் விடாமல் வாதாடித்தான் தனிப்பிரிவு கிடைத்தது. முதல் விருது ஜே. ஐவிக்கே போனது. பட்டியலில் அமாண்டா கோர்மன், அமீர் சுலைமான், ஈதல்பர்ட் மில்லர் இருந்தார்கள். அத்தனை பேரும் கவிஞர்கள் என்று அறியப்பட்டவர்கள். அந்த வரிசையில் ஒரு சிட்காம் நடிகர் பெயர் உறுத்தாமல் உட்கார்ந்திருந்தது. கோப்பையைவிட அதுதான் அவர் கேட்டிருக்கக்கூடிய அங்கீகாரம் என்று நினைக்கிறேன்.

2025 ஜூலை 20 அன்று, கோஸ்டா ரிகாவின் கரீபியக் கடற்கரையில், குடும்பத்தோடு விடுமுறைக்குப் போயிருந்தபோது நீரோட்டத்தில் சிக்கி வார்னர் இறந்தார். வயது 54. மறுநாள் செய்தித் தலைப்புகளில் பெரும்பாலானவை தியோ ஹக்ஸ்டபிள் இறந்துவிட்டதாகவே எழுதின. இசைக்கு ஒரு பத்தி, சில இடங்களில் ஒரு வரி. இதைக் குறையாகச் சொல்வதற்கில்லை. அவர் எழுதாத சொற்களைக் கேட்டவர்கள் கோடிக்கணக்கில் இருந்தார்கள். எழுதிய சொற்களைக் கேட்டவர்கள் மிகக் குறைவு.

கேட்க நினைப்பவர்கள் ஆண்டு வரிசைப்படி போகவேண்டாம். முதலில் கிளாஸ்பரின் ஆல்பத்தில் அந்த ஒரு பாட்டு. பிறகு நேராக 2022-க்குப் போகலாம். பிடித்திருந்தால் பின்னோக்கி மற்றவற்றுக்கு. கைபேசியின் ஒலிபெருக்கியில் மட்டும் வைத்துக் கேட்காதீர்கள். அந்தச் சின்ன ஓட்டையில் பாஸ் வராது. பாஸ் இல்லாமல் கேட்டால் ஒரு நடிகர் கவிதை படிக்கிறார் என்றுதான் தோன்றும்.